காலி சைக்கிளை அளந்தவன்

சைக்கிள் பாதைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, அனுபவப்பட்டவன் என்கிற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மேலதிகாரி கேட்டார். எனக்கு அனுபவம் இருக்கிறதோ இல்லையோ, நேரம் நிறைய இருக்கிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பான். ஆனால் பாதையின் அகலம், சரிவு, எந்த பெயின்ட் மழைக்குத் தாங்கும், இதெல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. கோப்புகளில் இல்லாதவை நான் பயந்த கதைகள். அவற்றில் பெரியது இது.

நான் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரன். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், பயம் வந்தால் இரண்டும் ஒரே வாக்கியத்தில். பயம் அடிக்கடி வரும். வந்தால் ஒரு ஜோக் அடித்து மூடிவிடுவேன். ஆபீசில் பாதிப் பேர் என்னைத் தைரியசாலி என்றே நினைத்திருந்தார்கள்.

நாங்கள் போட்ட முதல் பாதையின் கதியை உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பச்சை பெயின்ட் காய்வதற்குள் ஆட்டோக்கள் உள்ளே வந்து வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் எங்கள் சைக்கிள் படம் போட்ட பலகையிலேயே ஈர லுங்கியைக் காயப்போட்டிருந்தார். வெயில் நன்றாக விழும் இடம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் ஆட்டோக்களை விட்டுவிட்டுப் பாதையைத்தான் எடுத்துவிட்டார்கள். அன்று ஒரு சபதம் எடுத்தேன்: அடுத்த பாதையில் ஆட்டோவின் மூக்குகூட நுழையக் கூடாது.

அடுத்த பாதை மர்பி டவுன் பக்கம் ஆரம்பித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் வரை போவது. வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். காலை ஏழு மணிக்கு அந்த நிழலில் சைக்கிள் விட்டுப் பாருங்கள், பெங்களூர் இன்னும் பெங்களூராகத்தான் இருக்கிறது என்று தோன்றும். எட்டரைக்கு மேல் அப்படித் தோன்றாது. அந்தப் பாதைக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டு, தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். சைக்கிள் நுழையும், ஆட்டோ நுழையாது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவன் நான்.

மற்றவர்களைப் போல வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அளவு எழுதுகிறவன் நான் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை. நிஜமான சைக்கிளை அளப்பேன். வீட்டிலிருந்து என் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆபீஸ் பேஸ்மென்ட்டுக்கு ஓட்டி வந்தேன். ஹேண்டில்பாரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை டேப் வைத்தேன். இரண்டு முழங்கைக்கும் கொஞ்சம் சேர்த்தேன். ஓட்டுகிறவர் சற்று ஆடினால் என்ன ஆவது என்று அதற்கும் கொஞ்சம். பிறகு ஆட்டோக்களை நினைத்ததும் பயம் வந்தது, சேர்த்ததில் பாதியைக் குறைத்தேன். அளவு தயார்.

கம்பம் நடும் அன்று மேஸ்திரி முதல் ஜோடியை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். எங்கள் எல்லாப் பாதைகளுக்கும் அவர்தான் மேஸ்திரி. அவர் பெயர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாரும் மேஸ்திரி என்றார்கள், நானும் மேஸ்திரி என்றேன். கோலார் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசுவார்.

“லோடு வெச்சா எப்படி சுவாமி?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. இதை எழுதும்போதுகூட எழுந்து நின்று அவருக்கு ஒரு வணக்கம் போடத் தோன்றுகிறது. அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? “மேஸ்திரி, இது சைக்கிள் பாதை. லாரிப் பாதைக்கு வேற டிபார்ட்மென்ட்” என்றேன். சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு போல்ட்டை முறுக்கினார். அவருடைய கேள்வி அந்தச் சிரிப்போடு போயிற்று.

பாதை தயாரானது. மக்கள் வர வேண்டுமே. துண்டுப் பிரசுரம் ஒன்றை நானே தமிழிலும் கன்னடத்திலும் எழுதினேன். ‘உங்கள் பாதை உங்களுக்காகக் காத்திருக்கிறது, தினமும் வாருங்கள்’ என்று ஒரு வரி. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நான் அவ்வளவு உருகி எழுதியதில்லை. மர்பி டவுனில் வீடு வீடாகக் கொடுத்தோம்.

ஆணையர் மேடம் திறந்து வைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அந்தச் சாலைக் கடைக்காரர்கள் பாதையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள், தானே நேரில் ஓட்டிப் பார்க்கப் போகிறார், சரியாக இருந்தால் பாதை இருக்கும், இல்லாவிட்டால் இதையும் எடுத்துவிட வேண்டியதுதான். பதற்றமே இல்லாமல் சொன்னார். பதற்றத்தை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார்.

அன்று காலை ஏழேகாலுக்கு நான் அங்கே நின்றேன். புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தன்னார்வலர்கள் இரண்டு பேர் பெரிய பேனரோடு தயார். மேஸ்திரி, முன்னால் போக வேண்டிய வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது பங்ச்சர் ஆனால் பார்க்க ஆள் வேண்டும். ஏழரைக்கு மேடம் வருகிறார்.

ஏழு இருபதுக்கு ஓர் இளநீர் சைக்கிள் வந்தது.

நீங்கள் தினமும் பார்ப்பதுதான். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குலை குலையாகத் தொங்கும், நடுவில் ஒரு மனிதர் தள்ளிக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்னத் தென்னந்தோப்பு நடந்து வருவது போல இருக்கும். அந்தத் தோப்பு நேராக எங்கள் நுழைவாசலுக்கு வந்தது. முன்சக்கரம் அழகாக உள்ளே போயிற்று. ஹேண்டில்பார் போயிற்று, நான் விட்ட இடத்தில் மிச்சமும் இருந்தது. அப்புறம் குலைகள் வந்தன. கம்பத்தில் உரசின. அவர் ஓர் அழுத்து அழுத்தினார். இரண்டு பக்கமும் பாதிக் குலை உள்ளே, பாதி வெளியே என்று இறுகி நின்றுவிட்டது. பின்னால் இழுத்தால் குலைக்காம்புகள் கம்பத்தில் கொக்கி மாதிரி மாட்டின. முன்னால் தள்ளினால் இன்னும் இறுகிற்று.

நான் ஓடினேன். ஆளுக்கு என் வயதிருக்கும். பதறவே இல்லை. சைக்கிளைச் சாய்ந்துவிடாமல் பிடித்தபடி கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணா, இந்தப் பக்கம் ஏன் வந்தீங்க?” என்று கேட்டேன். கேட்ட கேள்வியின் லட்சணத்தைப் பாருங்கள்.

அவர் ஒரு கையால் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த என் துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். “நீங்கதான் சார் தினமும் வரச் சொன்னீங்க.”

அவர் பெயர் தேவராஜ். மர்பி டவுன்காரர். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புங்க மரம், அதன் அடியில்தான் அவருடைய வியாபாரம். எட்டு மணிக்கு நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கேட் திறப்பார்கள். அந்த நேரத்துக்கு மரத்தடியில் யார் நிற்கிறார்களோ அவர்களுடையது அந்த இடம், அதுதான் அங்கே வழக்கம். பதினோரு வருஷமாக ஒருநாளும் எட்டைத் தாண்டியதில்லையாம். இதையெல்லாம் அவர் எனக்கு அமைதியாக விளக்கிக்கொண்டிருந்தபோது நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தெருமுனையில் மேடத்தின் கார் வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னால் பத்திரிகைக்காரர்கள்.

குலைகளை அவிழ்க்கலாமா என்றேன். ஒரு பக்கம் அவிழ்த்தால் மறுபக்கத்துக்கு வண்டி கவிழும், எல்லாம் இறக்கி மறுபடி கட்ட ரெண்டு ஆளும் அரை மணியும் வேணும் என்றார். எல்லா இளநீரையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “காசு இல்ல சார் பிரச்சினை. எடம்” என்றார். கம்பத்தைக் கழற்றலாம், ஸ்பேனர் மேஸ்திரியின் வேனில் இருக்கிறது. ஆனால் மேடம் முன்னால் கம்பத்தைக் கழற்றினால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமே நம் நுழைவாசல்? கடைக்காரர்கள் வேறு எதிரே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சியில் சொல்வார்கள். நான் யோசிக்கவில்லை. பேனரைக் கொண்டுவரச் சொல்லி, சைக்கிளுக்கு முன்னால் பிடித்து மறைக்கச் சொன்னேன். சைக்கிள் மறைந்தது, குலைகள் மறைந்தன. தேவராஜின் தலை மட்டும் மறையவில்லை. பேனருக்கு மேலே, தசரா பொருட்காட்சியில் ஓட்டை போட்ட பலகையில் முகத்தை வைத்துப் போட்டோ எடுப்பார்களே, அப்படித் தெரிந்தது.

“அண்ணா, கொஞ்சம் குனிங்க.”

“குனிஞ்சா வண்டி சாஞ்சிடும் சார்.”

“கொஞ்சமா குனிங்க.”

“தலையக் கழட்டி உங்க பாக்கெட்ல வெச்சுக்கங்களேன்.”

நான் அவர் தலையில் கையை வைத்து அழுத்தினேன். ஆமாம், உண்மையாகவே. பதினோரு வருஷம் தாமதமே ஆகாத ஒரு மனிதரின் தலையில், அரசாங்க அடையாள அட்டை போட்ட ஒருவன். மேடம் சரியாக அப்போதுதான் வந்தார். இவர் யார் என்று கன்னடத்தில் கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. விருந்தினர்களுக்கு இளநீர் ஏற்பாடு செய்திருக்கிறோம் மேடம், நம்ம ஊர் பானம், பாதையிலேயே ஒரு சைக்கிளில், என்றது. மேடத்தின் முகம் மலர்ந்தது. நல்ல யோசனை என்றார். பேனரை நகர்த்தினார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பச்சைக் குலைகளோடு நின்ற சைக்கிள், நாங்களே தோரணம் கட்டி வைத்தது மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. காமிராக்கள் சொடுக்கின. தேவராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை இடுப்பால் தாங்கிக்கொண்டு, மறுபக்கம் எட்டி அரிவாளை எடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இளநீர் வெட்ட ஆரம்பித்தார்.

எல்லாரும் குடித்தார்கள். மேடம் இரண்டு. கடைக்காரர்களில் ஒருவர்கூடத் தெருவைக் கடந்து வந்து ஒன்று வாங்கிக் குடித்தார். பாதை பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் பொய் அதுவாகவே கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது, நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு போனால் போதும்.

தேவராஜ் எனக்கு ஒன்று வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “மணி ஏழே முக்கா ஆச்சு சார். நீங்க எல்லாம் ஓட்டிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கியே நிக்கணுமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடமும் மற்றவர்களும் அடுத்த நுழைவாசல் வழியாகப் போய்விடுவார்கள். வேன் முன்னால் போகும், ஸ்பேனரும் அதோடு போகும். திரும்பி வர ஒரு மணி நேரம். இவர் நடு வழியில் தோரணமாக நிற்பார். வேனை நிறுத்துவதற்கு என்னிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன, மூன்றும் நல்ல பொய்கள், ஒன்றில் ஜோக்கும் இருந்தது. டிரைவர் வேனைக் கிளப்பினார். ஜன்னலில் மேஸ்திரியின் முகம். அவர் குலைகளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே என்பது போல ஒரு பார்வை. அதைப் பார்த்ததும் ஜோக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இளநீரை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு, கையைக் குறுக்கே நீட்டி வேனை நிறுத்தினேன். மேடத்திடம் போனேன். பாதி கன்னடம், பாதி தமிழ். “மேடம், இது ஏற்பாடு இல்ல. இவர் மாட்டிக்கிட்டு நிக்கறார். நான் காலி சைக்கிளை அளந்துட்டேன்.”

எதிரே நின்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள், பத்திரிகைக்காரர்களும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்ததில், நான் ஜோக் அடிக்காமலே அவர்கள் சிரித்தது அது ஒன்றுதான். மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த இளநீரைப் பார்த்தார், அதையும் கீழே வைத்தார். கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்டார். பத்து நிமிஷம் என்றார் அவர். கம்பமே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார் மேடம்.

“எடுக்காதீங்கம்மா” என்றார் தேவராஜ். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “எடுத்துட்டா நாளைக்கே ஆட்டோ வந்து நிக்கும். அப்புறம் நான் பழையபடி பஸ்ஸுக்கு நடுவுலதான் தள்ளிட்டுப் போவணும். ஒரு சாண் தள்ளி வைங்க, போதும்.”

அவரே குனிய முடியாது, வண்டியைப் பிடித்திருந்தாரே. நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கனத்தை அன்றுதான் என் கைகள் அறிந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, கம்பத்தின் அடியில் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை நீட்டினார். அது முடிந்த இடத்தில் மேஸ்திரி சுண்ணாம்பால் கோடு போட்டார். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பம் கழன்றபோது மணி எட்டடிக்கச் சில நிமிஷம்தான் இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை ஏற்றம். தேவராஜ் முன்னால் பிடிக்க, நான் பின்னால் நின்று தள்ளினேன். அடையாள அட்டை போய்ப் போய் குலையில் மாட்டியது, முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். புதுச் சட்டை பச்சைக் கறை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்திருந்தது. மரத்தடியில் ஒரு பப்பாளி வண்டி நின்றிருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அட்டையை முன்பக்கம் திருப்பி, வண்டியை எடுக்கச் சொல்ல நான் போனேன். தேவராஜ் என் கையைப் பிடித்தார்.

“விடுங்க சார். அவன் நேரத்துக்கு வந்தான், நான் வரல.”

அன்று அவர் வெயிலில் நின்றார். மறுநாளும், அதற்கடுத்த நாளும். நான் தினமும் காலையில் அந்த வழியாக ஆபீஸ் போக ஆரம்பித்தேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று அல்ல, செய்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. போய் ஓர் இளநீர் குடிப்பேன், வெயிலில் அவர் பக்கத்தில் நின்று. அந்த நாட்களை இப்போது நினைத்தால் நெஞ்சில் ஒரு சுகமான வலி. மழைக்காலம் வந்தபோதுதான் பப்பாளிக்காரர் தன் வண்டியை ஒரு முழம் நகர்த்தி, மரத்தடியில் பாதியை விட்டுக்கொடுத்தார். யாரும் கேட்டு அல்ல. பாதிதான். அந்த மரத்தின் முழு நிழலும் தேவராஜுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் தப்பை நாம் திருத்திவிடலாம். அதற்குள் போனது போனதுதான்.

திறப்பு விழாவுக்கு மறுநாளே பத்திரிகையில் படம் வந்திருந்தது. பேனருக்கு மேலே தேவராஜின் தலை, அதன் மேல் என் கை. என் முகம் இல்லை. என் மனைவி அதை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், இன்றும் இருக்கிறது. “கையை மட்டும் பார்த்தாலே நீங்கதான்னு தெரியுது, எப்படி நடுங்குது பாருங்க” என்பாள். படத்தில் நடுக்கம் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

நான்கு நாள் கழித்து மேடத்திடமிருந்து குறிப்பு வந்தது. பாதை இருக்கட்டும். எல்லாக் கம்பங்களையும் பாரம் ஏற்றிய சைக்கிள் வைத்து அளந்து மாற்றவும். அவ்வளவுதான். என்னைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒரு மாதம் எங்கள் பேஸ்மென்ட் சந்தை மாதிரி இருந்தது. தண்ணீர் கேன் கட்டிய சைக்கிள், பூக்கூடை சைக்கிள், பெயின்டர் ஒருவர் ஏணியோடு. மேஸ்திரி டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார், நான் மறுமுனையை. ஏணிக்காரர் வந்த அன்று நான் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து, மேஸ்திரி ஏதாவது கேட்கப் போகிறாரா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பிறகுதான் சொன்னேன். சிரித்தார், இந்த முறை மரியாதைக்கு அல்ல. அன்றும் அவர் பெயரைக் கேட்க மறந்தேன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். உங்கள் மேஸ்திரியின் பெயரை இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் அந்தப் பாதைக்குப் போனால், மர்பி டவுன் பக்கத்து முதல் நுழைவாசலில், இடது கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே, சிமென்ட் வைத்து அடைத்த நான்கு சின்ன ஓட்டைகள் தெரியும். பழைய போல்ட்டுகள் இருந்த இடம். நான் செய்த வேலைக்கு இந்த ஊரில் கல்வெட்டு என்று ஒன்று இருக்குமானால் அதுதான்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிளை மெட்ரோ பாலத்தின் ஓரமாகவே ஓட்டி, சிக்னல் சிக்னலாகப் பயந்து, அங்கே போகிறேன். தேவராஜின் தலை நரைத்துவிட்டது. இளநீர் வெட்டிக் கொடுப்பார். கிளம்பும்போது என் சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஒரு கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு இளநீரைக் கட்டி, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்.

“காலியாப் போவாதீங்க சார்.”

இறக்கத்தில் விட்டுக்கொண்டு அந்தக் கம்பங்களுக்கு வருகிறேன். இரண்டே இரண்டு இளநீர். நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைகிறேன்.